முறுக்கு டின்னுக்குள் ரவுட்டர்

தீபாவளிக்கு விருந்தாளிகள் வருவார்களென்று, கண் சிமிட்டும் வைஃபை ரவுட்டர் வெளியே தெரியாதபடி, அதன்மேல் காலி முறுக்கு டின்னைக் கவிழ்த்து மூடியது நான்தான். மறுநாளிலிருந்து ஆன்லைன் கேம் திக்கித் திக்கி நின்றது. பழியை சிங்கப்பூரில், எங்கள் சுவா சூ காங் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்திருந்த செல்வம் அண்ணன்மேல் போட்டேன்.

“அண்ணே, நீங்க வீடியோ கால் பண்ணா கேம் லேக் ஆகுது லா.”

“சரி தம்பி, கீழ போய்ப் பேசிக்கிறேன்.”

ஒரு மாதமாக, ஊரிலிருக்கும் மகளோடு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்றே பேசினார். அப்போதும் கேம் திக்கியது, நான் யோசிக்கவில்லை.

ஒரு மாலை அம்மா டின்னைக் கேட்டார். எடுத்ததும் கேம் சீராக ஓடியது. தகரம்தான் சிக்னலை மறித்திருக்கிறது.

கீழே ஓடினேன். என்னைக் கண்டதும், போனில் பேசிக்கொண்டிருந்த செல்வம் அண்ணன் பதறினார்.

“இது என் போன் டேட்டாதான், தம்பி.”

“மேலயே பேசுங்கண்ணே” என்றேன். டின்னைப் பற்றிச் சொல்லாமலே லிஃப்டுக்கு நடந்தேன்.

தம்பிக்கு நல்ல மனசு என்று அம்மாவிடம் சொன்னாராம். அதை நான் இன்னும் திருத்தவில்லை.