அத்தான் தேடிய சின்ன இசைத்தட்டு

அத்தான் ஒரு பழைய ரெக்கோட் பிளேயரை நெஞ்சோடு அணைத்தபடி நான்கு மாடி ஏறி வந்த அந்த மாலையை மறக்க நான் முயன்றதுண்டு. ஹம்பேர்க்கில் அக்காவும் அவரும் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மூச்சு வாங்கியபடி அதை மேசையில் இறக்கி வைத்து, வயரைச் செருகி, ஊசி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு திறப்பை எடுத்துக்கொண்டு நிலவறைக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, "அந்தப் பச்சைப் பெட்டி எங்க?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

அதற்கு முந்தின வாரம்தான், அவள் சொல்லி, நிலவறையில் கிடந்த பழைய சாமான்களை நான் ஆல்டோனாவில் ஒரு கடையில் கொடுத்திருந்தேன். ஆட்கள் வேண்டாமென்று கொடுக்கும் பொருட்களை விற்று, வரும் பணத்தை ஏழைகளுக்குச் செலவிடும் கடை. பச்சைப் பெட்டியையும் என் கையால்தான் கொடுத்தேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "பாட்டுக் கேக்க ஒண்டுமில்லாத வீட்டில அது ஏன் எண்டுதான்..." என்று அக்கா தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினாள். அத்தான் கத்தியிருந்தால் எங்கள் இருவருக்கும் சுகமாக இருந்திருக்கும். அவர் கதிரையில் இருந்து சப்பாத்தைக் கழற்றினார்.

பெட்டியில் இருந்தவற்றில் ஒன்று மட்டுமே அவருக்குப் பொருட்டு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சின்ன இசைத்தட்டு. அவருடைய தங்கச்சி பத்து வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்ப் பாடியது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடும் பாட்டில் இரண்டு வரி அவளுக்கு மட்டும். நடுவில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளில் நீல மையால் தன் பெயரை எழுதி வைத்திருந்தாளாம். பிறகு அவள் வளர்ந்து, ஆசிரியையாகி, ஓர் இடப்பெயர்வின்போது கடல்நீரேரியைக் கடக்க வள்ளமேறினாள். மறுகரை சேரவில்லை. வீடு எரிந்ததில் படங்களும் போயின. அகதியாக வந்தபோது அத்தான் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த தட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. பதினாறு வருடங்களாக அதை ஒருமுறையேனும் போட்டுக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. மனம் வந்த அன்றுதான் பிளேயரோடு மாடியேறி வந்தார்.

திங்கட்கிழமை இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். இசைத்தட்டுகளை யாரோ மொத்தமாக வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வாங்கியவரின் பெயரோ விலாசமோ அவர்களிடம் இல்லை. அந்த வாரமே எங்கள் சனிக்கிழமைகள் தொடங்கின. பார்ம்பெக், வான்ட்ஸ்பெக், பெர்கெடோர்ஃப் என்று ரயில் போகுமிடமெல்லாம் இப்படியான கடைகள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே மணம்: ஈரக் கம்பளியும் பழைய கடதாசியும். இசைத்தட்டுப் பெட்டிகள் எப்போதும் நிலத்திலேயே, தொங்கும் குளிர்கோட்டுகளுக்குக் கீழே இருக்கும். முழங்காலில் நின்றுதான் தேட வேண்டும். நத்தார்ப் பண்டிகைப் பாடல்கள், மாலுமிப் பாடல்கள், வெள்ளைக் குதிரையோடு சிரிக்கும் பாடகர்கள். நான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போவேன். அத்தான் ஒவ்வொரு உறையையும் திறந்து உள்ளே பார்ப்பார். "மாறி வைச்சிருப்பினம், தம்பி." மாலையில் எங்கள் விரல்நுனிகள் கறுத்திருக்கும்.

போர் ஓய்ந்து சமாதான காலம் வந்து சனங்கள் ஊருக்குப் போய்வரத் தொடங்கியதும், போகிறவர்களிடமெல்லாம் தேடச் சொல்லிவிட்டார். இன்னொரு பிரதி யாரிடமும் இல்லை. தங்கச்சியோடு பாடிய ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது வருடம் நான் களைத்துப்போய், "போதும் அத்தான், விடுவம்" என்றேன். "நீ நில், தம்பி. எனக்கு விட ஏலாது" என்றார். அதில் கோபமில்லை. அடுத்த சனியும் நான் போனேன். அக்கா ஒருநாளும் எங்களோடு வரவில்லை. காலையில் இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டித் தருவாள். திரும்பி வரும்போது எங்கள் கைகளைப் பார்ப்பாள்.

நாலாவது வருடம், ஹார்புர்க்கில் ஒரு கடை. பெட்டியில் ஒன்றுமில்லை. வெளியே வரப்போனவர் கல்லாவடியில் நின்றுவிட்டார். அங்கே அலை அலையாக வளைந்த சின்னக் கறுப்புக் கிண்ணம் ஒன்றில் பொத்தான்கள் கிடந்தன. அத்தான் பொத்தான்களை மெதுவாக விரலால் ஒதுக்கினார். சிவப்புத் தாள், வட்டமாகத் தமிழ் எழுத்து, குறுக்கே மங்கிய நீல மையில் ஒரு பெயர்.

கல்லாவிலிருந்த மூதாட்டி மகிழ்ந்துபோனாள். விற்காத இசைத்தட்டுகளை அடுப்பில் சூடாக்கி வளைத்துத் தானே செய்வதாகச் சொன்னாள். "இந்த எழுத்து எவ்வளவு வடிவு. அதனால் நடுவில் சூடு படாமல் கவனமாகச் செய்தேன்." அத்தானுக்கு டொச் மொழி நன்றாகவே விளங்கும். "வடிவாய்ச் செய்திருக்கிறீங்கள்" என்று அவளுடைய மொழியிலேயே சொன்னார். அவள் பொத்தான்களை வேறொன்றில் கொட்டிவிட்டு, கிண்ணத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சும்மாவே கொடுத்தாள்.

ரயிலில் அதை மடியில் வைத்திருந்தார். இத்தனை வருடமும் கேட்காததை நான் அன்றுதான் கேட்டேன்: அந்த இரண்டு வரி என்ன? வசனம் சொல்வதுபோல் சொற்களைச் சொன்னார். பிறகு பாட வாயெடுத்தார். நிறுத்தினார். இன்னொருமுறை தொடங்கினார். "மெட்டு வருகுதில்லை" என்றார். எல்ப ஆற்றுப் பாலங்கள் கடந்து போயின. வீட்டில் அக்கா பொதியைப் பிரித்துப் பார்த்தாள். இளஞ்சூட்டு நீரில் ஓரங்களை மட்டும் கழுவி, தன் சேலைத்தலைப்பால் துடைத்தாள். "அதுக்குள்ள ஒண்டும் வையாதையும்" என்று மட்டும் அத்தான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்குப் போனேன். அவர் வீட்டில் உடுக்கும் சாரத்தோடு இருந்தார். "இனி எங்க போறது?" என்றார்.

இப்போது அத்தானுக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மாதம் என் மகள் கைபேசியோடு அவரருகே போய் இருந்து, "மாமா, பாட்டின்ர முதல் வரியைச் சொல்லுங்கோ, எடுத்துத் தாறன்" என்றாள். சொன்னார். தமிழில் தேடினாள், ஆங்கில எழுத்தில் தேடினாள், வேறு சொல் போட்டுத் தேடினாள். தேநீர் ஆறியது. அவளுடைய விரல் நிற்கவேயில்லை.

"விடு பிள்ளை," என்றார் அத்தான். "நானும் உன்ர அப்பாவும் நாலு வருசம் தேடினனாங்கள்."