நான்கு வட்டுகளும் ஒரு ‘ச்சு’வும்

நடந்ததை மட்டும் எழுதுகிறேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பேய்க் கதை சொல்பவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. அவர்களுடைய பேய்களுக்கெல்லாம் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் டியூட்டி. வெள்ளைச் சேலைதான் சீருடை. நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் அம்மையார் எழுந்தருள்வார். நான் சொல்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, நல்ல வெயிலில் தொடங்கியது. கரண்ட் போகவில்லை. ஒரு நாயும் குரைக்கவில்லை.

கணினி வட்டுகளைச் சீர்செய்வது என் தொழில். என் அண்ணி பேச்சுப் பயிற்சியாளர். தொண்டையில் நோய் வந்து குரல்வளையையே எடுக்கவேண்டிய நிலையில் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்கு முன்பு அவருடைய நிலையத்துக்கு வருவார்கள். ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்வார்கள். தண்ணி. வலிக்குது. பிள்ளைகளின் பெயர்கள். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. பிறகு அவற்றை ஒரு கையடக்கக் கருவியில் ஏற்றிக் கொடுத்தால், பொத்தானைத் தட்டத் தட்ட அவரவர் சொந்தக் குரலே பேசும்.

அந்தக் குரல்கள் எல்லாம் இருந்தது ஒரே கணினியில், சேர்த்துக் கட்டிய நான்கு வட்டுகளில். அது மூச்சு முட்டி நின்றிருந்தது. இடம் இல்லை. கருவியில் ஏற்றப் போனால் பாதியில் உறைந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலை ஒரு பேருந்து நடத்துநர் வருவதாக இருந்தார். குரல்வளை போய் மூன்று வாரம். அவருடைய குரல் என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த வட்டுகளில் மட்டும்தான். தொலைந்தால் மறுபடி பதிவு செய்ய அவரிடம் குரல் கிடையாது.

ஞாயிறு விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு நான் தனியாகப் போனேன். கணினி ஒலிப்பதிவு அறைக்குள்ளேயே இருந்தது. சுவர், கூரை, கதவு எல்லாம் நுரைப் பஞ்சு. கதவைச் சாத்தினால் தெருவே செத்துப்போகும். நம் காதுக்குள் ஓடும் ரத்தம் நமக்கே கேட்கும்.

திறந்து பார்த்ததும் சிரிப்பு வந்தது. கிளஸ்டர் என்பது வட்டில் கோப்புக்கு ஒதுக்கும் அறை. பத்து கேபி அளவுள்ள சொல்லுக்கு அறுபத்து நாலு கேபி அறை கொடுத்திருந்தார்கள். ஊசி வைக்க ஒரு பீரோ. ஸ்ட்ரைப் என்பது கோப்பை வட்டுகளுக்குப் பங்கு பிரிக்கும் துண்டு. அது வெறும் நாலு கேபி. ஒரு கைக்குட்டையை மூன்றாகக் கிழித்து மூன்று வீட்டுக் கொடியில் காயப்போட்ட கணக்கு. இரண்டையும் தலைகீழாக மாற்றினாலே பாதி வட்டு காலியாகும்.

கணினிக்குப் பின்னால் கேபிள்கள். ஒவ்வொன்றையும் எட்டு மாதிரி மடித்து, காயத்துக்குக் கட்டும் வலைத்துணியைப் பட்டையாகக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது. கேபிளுக்குக் கட்டுப் போட்ட வைத்தியனை அன்றுதான் பார்த்தேன். ஏற்கெனவே இதையெல்லாம் அமைத்த பழைய ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

“எந்த மேதாவி செஞ்ச வேலைடா இது” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ச்சு.

நாக்கைத் தட்டும் சத்தம். நம்மை ஒரு பொருட்டாக மதிக்காதவர்கள் கொட்டுவார்களே, அந்த ‘ச்சு’. மணி பதினொன்றே கால்.

ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அதன் வயர் சுருட்டி மேசைமேல் கிடந்தது. பல்லியாக இருக்கும் என்று வேலையைத் தொடர்ந்தேன்.

இந்த வேலையில் சூட்சுமம் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் வெளியே நகல் எடு, சரிபார், பழைய கட்டமைப்பை அழி, புது அளவில் கட்டு, திருப்பிப் போடு. நகல் எடுத்தாயிற்றா என்று அண்ணியிடம் முன்பே கேட்டிருந்தேன். முகப்பு மேசைப் பெண் சனிக்கிழமையே எடுத்துவிட்டாள் என்றார். இப்படிச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிற கூட்டம் அது. அதனால் நானே பார்த்தேன். வெளி வட்டு கேபிளில் செருகியிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ‘பேக்கப்’ என்ற பெயரோடு ஈ டிரைவ். கோப்புகளை ஒன்றுவிடாமல் ஒப்பிட்டேன். அச்சு அசலாகப் பொருந்தின.

“பரவாயில்லையே, அந்தப் பொண்ணுக்கு இருக்கிற மூளைகூட அந்தாளுக்கு இல்ல” என்றேன்.

ச்சு.

இந்தத் தடவை பக்கத்தில். பதினொன்று ஐம்பது.

அண்ணிக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, உள்ள பல்லி இருக்கா?”

“சுவர் பூரா பஞ்சு தம்பி. பல்லி எதைப் புடிச்சிட்டு நிக்கும்? ஏன், உங்களைப் பாத்து சகுனம் சொல்லுதா?”

“உங்க பழைய ஆளு செஞ்ச லட்சணத்தைப் பாத்து சொல்லுது.”



“அவரை ஒண்ணும் சொல்லாதீங்க” என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு எரிச்சல். செய்யத் தெரியாதவனுக்குப் பரிந்து பேச மட்டும் ஆள் இருக்கிறது. கட்டமைப்பை அழிக்கும் திரையைத் திறந்தேன். ‘இதிலுள்ள அனைத்தும் போய்விடும். தொடரவா?’ என்று கேட்டது. பன்னிரண்டு ஏழு.

சுட்டியில் விரலை வைத்தேன்.

ச்சு.

என் தலைக்கு மேலே. ஒரு சாண் தூரம்கூட இல்லை.

விரல் நின்றது. திரும்பவில்லை... திரும்ப முடியவில்லை.

அப்போதுதான் மூச்சு கேட்டது. ஈரமான மூச்சு. உள்ளே எதுவோ விசிலடிப்பது போல... ஸ்ஸ்... ஸ்ஸ்...

அது என் பிடரியில் பட்டது. சூடாக.

சத்தம் மேலே. மூச்சு கீழே.

வாய் ஓர் இடம். மூச்சு ஓர் இடம்.

ஒரே ஆள்...

எப்படி?

காலடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தேன். வெளி வட்டின் கேபிள் தரையில் கிடந்தது. எட்டாக மடித்து... வலைத்துணியால் கட்டி.

அதை நான் கட்டவில்லை.

நிமிர்ந்தேன். வெளி வட்டில் பச்சை விளக்கு இல்லை.

திரையில் ஈ டிரைவ் அப்படியே இருந்தது.

இதைப் படிக்கும் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் உள்ளுக்குள் சில்லிட்டிருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளி வட்டைப் பிடுங்கிய பிறகும் ஈ இருக்கிறது என்றால், ஈ அந்த வெளி வட்டு அல்ல. அதே நான்கு வட்டுகளில் வெட்டி வைத்திருந்த இன்னொரு பகுதி. ‘பேக்கப்’ என்ற பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண் அதிலேயே நகலைப் போட்டிருக்கிறாள். வெளி வட்டு பெயரில்லாமல் திரையின் அடியில் சும்மா கிடந்திருக்கிறது. அதை மெமரி கார்டு செருகும் காலி ரீடர் என்று நினைத்துத் தாண்டிப் போன மேதாவி நான்தான். விரல் இறங்கியிருந்தால் அசலும் நகலும் ஒன்றாகப் போயிருக்கும். நடத்துநர் பொழுது விடிந்ததும் வந்து நிற்பார்.

அறையை விட்டு வெளியே ஓடினேன். வாசலில் வெயிலில் கால் மணி நேரம் நின்றேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. நடத்துநரை நினைத்துத் திரும்பி உள்ளே போனேன். கதவைத் திறந்தே வைத்தேன்.

முடிச்சை அவிழ்த்தபோது துணி ஈரமாக இருந்தது. கேபிளைச் செருகி, இந்தத் தடவை உண்மையான வெளி வட்டுக்கு நகல் எடுத்தேன். சரிபார்த்தேன். அழித்தேன். ஸ்ட்ரைப் அறுபத்து நாலு, கிளஸ்டர் நாலு. திருப்பிப் போட்டு முடிக்க மாலை ஆறரை. ஒரு கோப்பும் குறையவில்லை. அதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. வேறு எந்தச் சத்தமும் வரவில்லை.

மறுநாள் நடத்துநர் கருவியில் முதல் பொத்தானைத் தட்டினார். “போலாம்... போலாம்” என்றது அவர் குரல். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அண்ணியிடம் வலைத்துணிப் பட்டையைக் காட்டினேன். யாரோ ‘ச்சு’ கொட்டினார்கள் என்பதை மட்டும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வருடத்துக்கு என்னை ஓட்டுவார்.

அவர் சிரிக்கவில்லை. பட்டையை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“இதை அமைச்சவர்தான் என்னோட முதல் நோயாளியே தம்பி. அப்ப எல்லாரையும் அரை மணி நேரம் பேசவிட்டு ஒரே கோப்பா எடுப்போம். அந்தப் பெரிய கோப்புக்குத் தோதா அளவு வச்சுக் கட்டினார். தனித் தனிச் சொல்லா நான்தான் பின்னால மாத்தினேன்.”

பட்டையை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“ஆபரேஷனுக்கு அப்புறம் கருவி வேண்டாம்னுட்டார். புடிக்கலன்னா ‘ச்சு’. அவ்வளவுதான் அவர் பேச்சு. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டார்.”

பிறகு, நான் கேட்காமலே, பட்டை சுற்றிய விரலைத் தன் கழுத்தின் அடிக்குழியில் வைத்துக் காட்டினார்.

“இந்தத் துணி இங்க கட்டுறது. குரல்வளையை எடுத்தவங்களுக்கு இங்க ஒரு ஓட்டை இருக்கும். வாய் சும்மா பேருக்குத்தான். மூச்சு இது வழியாத்தான் வரும்.”