எட்டாவது முனை

துடியலூரில் என் கடைக்கு எதிர்க்கடை ஐயாசாமியுடையது. எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில். முப்பத்தைந்து வருடம் கம்பியோடு புழங்கிய மனுஷன். அந்தக் கம்பியே அவரை இப்படிச் செய்துவிட்டதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தொழில் போக அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு: ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்க லைசென்ஸ் வாங்கி, வீட்டில் உட்கார்ந்தபடியே ஊர் ஊராகப் பேசுவார். "கையில போன் இருக்கறப்ப இது எதுக்குங்க?" என்று சீண்டுவேன். "போன்ல பேசறது வேற, இது வேறங்க" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடைக்காது.

போத்தனூரில் ஷாநவாஸ் என்று ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாகத் தினமும் காலை ஆறரைக்கு இருவரும் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். நேரில் சந்தித்தால் டீயைக் குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரேடியோவில் ஒருவர் 'ஓவர்' சொல்லும்வரை மற்றவர் குறுக்கே பேச முடியாது. அதனாலேயே மனதில் கிடப்பதெல்லாம் அதில் வெளியே வந்துவிடும் போலிருக்கிறது.

போன ஐப்பசியில் ஷாநவாஸுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டுமாம். அதற்குப் பிறகு அந்தக் குரல் கிடையாது. பார்க்கப் போன ஐயாசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "புதன்கெழமை ஆப்பரேசனுங்க. அன்னைக்குக் காத்தால ஆறரைக்கு ரேடியோவுக்கு வந்துருங்க ஐயாசாமி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நேர்ல சொல்ல வரலீங்க."

செவ்வாய் சாயங்காலம் காற்றும் மழையும். தென்னை மட்டை விழுந்து, மாடிக்கு மேலே கட்டியிருந்த ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்கு இறங்கும் இரட்டைக் கம்பி அறுந்துவிட்டது. இரண்டும் அவர் கடைக் காயில் கம்பிதான். அதே கம்பியில் துண்டு வெட்டி ஒட்டுப்போட ஏறினார். நாலு ஒட்டு, எட்டு முனை. காயில் கம்பி வெறும் செம்பு மாதிரித் தெரியும். ஆனால் மேலே கரண்ட் கடத்தாத வார்னிஷ் இருக்கும். அதைச் சுரண்டிவிட்டுத்தான் முறுக்க வேண்டும். வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே இவர் சொல்கிற பாடம் அது. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, தூறலில் நனைந்துகொண்டு ஏழு முனையைச் சுரண்டியவர் எட்டாவதை விட்டுவிட்டார். முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினார். ரேடியோவைப் போட்டால் யாரோ பேசுவது கேட்டது. அதுவே போதுமென்று இருந்துவிட்டார். கேட்பதற்கு அரைகுறை ஒட்டும் போதும், பேசுவதற்குப் போதாது.

புதன்கிழமை சரியாக ஆறரைக்கு, ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோயிருந்த சின்ன ரேடியோவிலிருந்து ஷாநவாஸின் கரகரத்த குரல் வந்தது. "ஐயாசாமி, கேக்குதுங்களா? ஓவர்."

"கேக்குதுங்க பாய், சொல்லுங்க."

"ஐயாசாமி, இருக்கீங்களா?"

இவர் பேசுவது அங்கே போகவில்லை. ரேடியோவில் பேச்சு வெளியே போவதைக் காட்டும் முள் அசையாமல் படுத்துக் கிடந்தது. போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. ஒட்டுதான் கோளாறு, கடைசி முனையைச் சுரண்டவில்லை என்று புரிந்துவிட்டது. கட்டிங் பிளேயரையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். ஜன்னல் வழியாக ஷாநவாஸ் கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒட்டை வெட்டினார். கம்பி விட்டதும் கீழே குரலும் நின்றது. அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடலாம், அதுவரைக்கும் கூப்பிட்டுக்கொண்டுதானே இருப்பார் என்று நினைத்தார், பாவி மனுஷன். சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து இறங்கிவந்தபோது வெறும் இரைச்சல். வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அதற்குள் ஷாநவாஸை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

நாலாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். ஷாநவாஸ் கழுத்தில் கட்டோடு சாய்ந்திருந்தார். மகள் ரூபினா, "அன்னைக்கு என்னையக்கூட ரூமுக்கு வெளிய போகச் சொல்லிப்போட்டாருங்க மாமா" என்றாள். ஷாநவாஸ் நோட்டை வாங்கி எழுதினார்: 'உங்க குரல் எனக்குக் கேக்கல. ஆனா நீங்க இருப்பீங்கன்னு நம்பி எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். கேட்டுச்சுங்களா?'

ஐயாசாமி கட்டுப் போட்ட அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேட்டுச்சுங்க பாய். ஒண்ணு உடாமக் கேட்டேன்."

ஷாநவாஸ் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். 'அது போதுங்க' என்று எழுதினார்.

அந்த அலைவரிசையில் வேறு யாராவது கேட்டிருப்பார்களா என்று ஐயாசாமி தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்துவிட்டார். ஒருவரும் இல்லை. இதையெல்லாம் போன வாரம்தான் என்னிடம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவருகிட்டயே கேட்டுப்போடுங்க. எழுதிக் காட்டமாட்டாருங்களா?" என்றேன்.

"கேட்டேன்னு சொன்னப்ப அவரு மொகத்துல வந்த நிம்மதிய நீங்க பாக்கலீங்க. அதை எப்படிங்க திரும்பப் புடுங்கறது?" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அந்த மனுசன் கடைசியாப் பேசுனது எங்கிட்டத்தானுங்க. என்ன பேசுனாருன்னு எனக்குத் தெரியாதுங்களே."