பின்வாசல் பூட்டு

விமான நிலையத்தில் கழிப்பறை கழுவும் வேலைக்கு அவள் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு நீளக் கட்டடம்தான். அவள் வீடு மதிலுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். பின்வாசல் வழியாக வந்தால் வேலையிடத்துக்குப் பத்து நிமிட நடை. உடன் வேலை செய்தவர்களுக்கு அவள் பெரியக்கா.

பதினேழு வருடங்களில் அந்த இடம் ஒரு நகரமாகிவிட்டது. ஐந்து ஓட்டல்கள், கண்ணாடி அலுவலகங்கள், நான்கு மாடிக் கடைவளாகம், அதில் ஒரு மருத்துவமனை. விமானம் ஏறாதவர்களும் விடுமுறை நாளில் சுற்றிப் பார்க்க வந்தார்கள். பின்வாசலுக்கு இரும்புத் தகடு அடித்துப் பூட்டினார்கள். பெரியக்கா தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியதாயிற்று: இரண்டு பேருந்து, ஒன்றரை மணி நேரம்.

"பிளேன் ஏறியிருந்தா இந்நேரம் வேற தேசத்துல இறங்கியிருக்கலாம். நீ இப்பத்தான் வேலைக்கே போய்ச் சேர்றே" என்று கணவர் கேலி செய்வார். அங்கேயே பெட்டி தூக்கி முதுகொடிந்து வீட்டோடு கிடந்தவர் அவர்.

ஒருநாள் மதியம் மேற்பார்வையாளர் அவளைத் தேடி ஓடிவந்தார். கணவருக்கு நெஞ்சு வலி என்று பக்கத்து வீட்டுக்காரி அலுவலகத்துக்கு போன் செய்திருந்தாள். ஆம்புலன்ஸ் சுற்றுப்பாதை நெரிசலில் நின்றுவிட்டது. அவரை நாற்காலியில் வைத்துப் பின்வாசலுக்குத் தூக்கி வரும்படி பக்கத்து வீட்டுக்காரிக்குப் போனில் சொல்லிவிட்டு, பெரியக்கா கடைவளாகத்து மருத்துவமனைக்கு ஓடினாள். ஒரு நர்ஸ் பையோடு கூடவே வந்தாள்.

பின்வாசலில் நின்ற காவலர் அவளுக்கு வருடக்கணக்காகத் தெரிந்தவர். சாவி பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்தது. அவர் அங்கே போனில் பேசினார். அவர்கள் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மறுபடி பேசினார். எழுத்தில் அனுமதி வர வேண்டும் என்றார்கள்.

தகட்டுக்கு அப்பால் நாற்காலியை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. படுக்க வையுங்கள், மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்துங்கள் என்று நர்ஸ் கத்திச் சொன்னாள். எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரி திரும்பத் திரும்பக் கேட்டாள். பெரியக்கா தரையில் குப்புறப் படுத்து, தகட்டின் அடியில் இருந்த இடைவெளியில் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் யாரோ கணவரின் கையை எடுத்து அவள் கையில் வைத்தார்கள்.

"நான்தான். இங்கதான் இருக்கேன். இப்பத் திறந்துடுவாங்க."

அந்தக் கை ஒருமுறை இறுக்கிப் பிடித்தது. பிறகு பிடிக்கவில்லை.

சாவி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நர்ஸ் ஓடிப்போய் மண்டியிட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள்.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பிய பெரியக்கா, ஒரு சாவியைக் காவலரிடம் கொடுத்துவைக்கும்படி நிர்வாகத்துக்கு மனு எழுதினாள். அதிகாரி அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரம் அந்த வாசலை வெல்டிங் வைத்து நிரந்தரமாக அடைத்தார்கள். பாதுகாப்புக் குறைபாடு என்று அவள் மனுவையே அதற்குக் காரணம் காட்டியிருந்தார்கள்.

காவலர் பல நாள் அவள் கண்ணில் படவில்லை. ஒரு காலை அவராகவே வந்து நின்றார்.

"அக்கா, நான் அன்னிக்குப் பூட்டை உடைச்சிருக்கணும்."

அவர் ஆறுதலை எதிர்பார்த்து வந்திருந்தார். பெரியக்காவிடம் அது இல்லை.

"ஆமா, உடைச்சிருக்கணும்" என்றாள்.

வாளியை எடுத்துக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் போனாள். ஏதோ ஒரு விமானம் அப்போதுதான் இறங்கியிருந்தது. உள்ளே நீண்ட வரிசை நின்றது.