விளக்கு எரியும்போது இழுத்த கை

ஒசாகாவின் நிப்போன்பாஷி கடைத்தெருவுக்கு எப்போது போனாலும், ஒரு குறுகலான படிக்கட்டின் அடியில் கடோவாக்கி மிசாவோ சற்று நின்றுவிட்டுத்தான் நகர்வாள். இப்போது அங்கே பணிப்பெண் வேடம் போட்ட இளம்பெண்கள் காப்பிக் கடைக்கு ஆள் பிடிக்கிறார்கள். எழுபதை நெருங்கும் கிழவிக்கு அவர்கள் துண்டுச்சீட்டு நீட்டுவதில்லை. அந்தப் படிகளுக்கு மேலே ஒரு காலத்தில் மித்தானியின் பழைய கம்ப்யூட்டர் கடை இருந்தது. மிசாவோவுக்கு அது பாதாளத்தின் வாசல்.

அப்போது அவளுக்கு முப்பது ஆகப்போகிறது. அதே ஊரின் மொத்த வியாபாரப் பகுதியான செம்பாவில் ஒரு பருத்தி நூல் கம்பெனியில் வேலை. வணிகப் பள்ளியில் கணக்கு படித்துத் தேறியவள். ஆனால் கம்பெனி அவளிடம் கேட்டது வேறு கணக்கு: எந்த ஆணுக்கு எந்தத் தேநீர்க் கோப்பை, யாருக்குச் சூடாக வேண்டும், யாருக்கு ஆறியிருக்க வேண்டும். அங்கே ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பூங்கொத்து கொடுத்து, எல்லோரும் குனிந்து வணங்கி, வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். வேலை போயிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மங்கலமான விடைபெறல் என்பார்கள். கழுத்தை அறுக்கும் கத்திக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிற வித்தை எல்லா நாட்டிலும் உண்டு.

கல்யாணம் செய்துகொள்ளாதவளுக்கு வேறு மருந்து வைத்திருந்தார்கள். பிரிவுத் தலைவர் ஷிபாதா தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"பொண்ணுங்க கிறிஸ்துமஸ் கேக் மாதிரி, கடோவாக்கி சான். இருபத்தஞ்சு தாண்டினா எவனும் சீந்த மாட்டான். நீ என்ன, டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி சாப்பிடற வருஷக் கடைசி நூடுல்ஸ் ஆகிற வரைக்கும் இங்கேயே இருக்கிறதா உத்தேசமா?"

அறையே சிரிக்கும். சிரிக்காதவள் அடுத்த மேசை சிசுரு மட்டும்தான். மிசாவோவை மித்தானியின் கடைக்கு முதலில் இழுத்துப்போனவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், வழக்கமாக வருகிறவர்களுக்குப் பின்மூலையில் ஒரு கம்ப்யூட்டரை மித்தானி விட்டுக்கொடுப்பார். அதில் ஓடிய பாதாள விளையாட்டில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கறுப்புத் திரை, அதில் சில வெள்ளைக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் சுவர், கதவு, இருட்டு எல்லாம். உள்ளே இறங்கும் ஆறு பேரும் திரையில் தெரிய மாட்டார்கள். அவர்களின் கண்தான் உன் கண். எங்கே இருக்கிறாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் கிராஃப் தாளில் ஒரு கட்டம் நீயே வரைந்துகொள்ள வேண்டும். சில இடங்களில் தரை உனக்குத் தெரியாமலேயே உன்னைத் திருப்பிவிடும். வடக்கு என்று நினைத்து நீ வரைவது கிழக்காக இருக்கும். செத்தால் சாவுதான். செத்த இடத்திலேயே உடல்கள் கிடக்கும். புதிதாக ஆறு பேரை உருவாக்கி, வளர்த்து, அவர்களை அனுப்பித்தான் தூக்கிவர வேண்டும். தூக்கி வந்தாலும் கோயில் பூசாரியின் மந்திரம் பலித்தால் உயிர், தவறினால் சாம்பல். சாம்பலிலும் தவறினால் பெயரே அழிந்துவிடும்.

இவ்வளவு கொடுமையான ஒன்றில் என்ன இன்பம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். மிசாவோவுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. கடினம் வேறு, அநியாயம் வேறு. பாதாளம் ஆணா பெண்ணா என்று பார்த்துக் குழி வெட்டுவதில்லை. அதன் விதி கொடியது, ஆனால் எல்லோருக்கும் ஒன்றுதான். மூளையைச் செலவழித்தால் அந்த விதியைக் கண்டுபிடித்துவிடலாம். கம்பெனியில் எத்தனை ஆண்டு மூளையைச் செலவழித்தாலும் கண்டுபிடிக்க முடிவது ஷிபாதாவுக்குத் தேநீர் எவ்வளவு ஆற வேண்டும் என்பதைத்தான்.

முதல் ஆறு பேருக்குப் பெயர் வைத்தது சிசுரு. "பூங்கொத்து குடுத்து அனுப்புனாங்களே, அவங்க அத்தனை பேரையும் இங்க வேலைக்கு எடுத்துப்போம்டி. கையில கோடாலி குடுப்போம்" என்றாள். அப்படித்தான் ஐந்து பேர் அமைந்தார்கள். ஆறாவதாக, காயம் ஆற்றுகிறவளுக்குச் சிசுரு தன் பெயரையே வைத்தாள். அடுத்த வசந்தத்தில் ஷிபாதா தோளைத் தட்டி அவளையும் வேலையிலிருந்து அனுப்பினார். கல்யாணம் இல்லை, காரணம் இல்லை, வயது மட்டும்தான். தொத்தோரியில் இருந்த பெற்றோர் வீட்டுக்கு அவள் கிளம்பிய அன்று, கம்பெனி கொடுத்த பூக்களை ரயில் நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "என் ஆளை மேல வெட்டியா உக்கார வெச்சுடாதடி. கீழ கூட்டிட்டுப் போ."

மிசாவோ கூட்டிப்போனாள், எட்டாம் தளம்வரை. அங்கே தரை அவளைத் திருப்பியதை அவள் கவனிக்கவில்லை. வரைபடத்தை நம்பி ஓடி, முட்டுச் சந்தில் மாட்டி, ஆறு பேரும் விழுந்தார்கள்.

அந்தக் கடையில் இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. ஆட்டம் முழுவதும் பதிவாகிற ஃப்ளாப்பி டிஸ்கில் சாவும் பதிவாவதற்குள், டிரைவின் வாயைப் பூட்டும் நெம்பைத் திருகி டிஸ்கை வெளியே இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டால் நடந்தது நடக்கவில்லை. எல்லோருடைய இடது கையும் எப்போதும் நெம்பின் மேலேயே இருக்கும். இதற்கென்று ஒரு சாஸ்திரமே வளர்ந்திருந்தது. கோயிலில் மந்திரம் ஓதும்போது, திரையில் பலன் சொல்லும் எழுத்து வருவதற்கு முன் டிரைவின் சிவப்பு விளக்கு எரிந்து டிரைவ் முனகினால் தோல்வி நிச்சயம், உடனே இழு என்பார்கள். இந்தச் சாஸ்திரத்தில் கரைகண்டவன் ஹமகுச்சி. ரயில் பெட்டி பழுதுபார்ப்பவன், நல்ல மனசு, அவசரக் கை.

"இழுங்க மிசாவோ சான், இழுங்க" என்று அன்று அவன் பதறினான். மிசாவோ கையை மடியிலேயே வைத்திருந்தாள். தவறு செய்துவிட்டு நடக்கவில்லை என்பது ஷிபாதாவின் வேலை. ஆண்கள் தப்பாக எழுதிய விலைச்சீட்டுகள் ராத்திரியோடு மறைந்து போவதை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மற்றவர்களைப் போல டிஸ்குக்கு நகல் எடுத்தும் வைக்கவில்லை.

இரண்டாவது அணியை வளர்க்க இலையுதிர் காலம் முழுவதும் போயிற்று. தப்பான வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, எட்டாம் தளத்தைச் சுவர் சுவராகத் தட்டிப்பார்த்து மறுபடி வரைந்தாள். குளிர் இறுகிய ஒரு ஞாயிறன்று ஆறு உடல்களையும் மேலே கொண்டுவந்து சேர்த்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். மித்தானி வாடிக்கையாளரைக்கூடக் கவனிக்கவில்லை.

கோயிலில் ஐந்து பேர் எழுந்தார்கள். சிசுரு சாம்பலானாள்.

இனி ஒரே ஒரு முறைதான். மிசாவோ விசையை அழுத்தினாள். மந்திரம் ஓடத் தொடங்கியது. எழுத்து வரவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது, டிரைவ் முனகியது. அவள் தோளுக்கு மேலாக ஒரு கை பாய்ந்து நெம்பைத் திருகி டிஸ்கை உருவியது.

மித்தானி டிஸ்கை வாங்கித் திரும்பப் போட்டுப் பார்த்தார். டிரைவ் கரகரத்தது. எழுதும் நொடியில் சிக்கி உருவிய டிஸ்க் எழுந்திருக்காது; மற்றவர்களுக்கு நகல் இருக்கும், அவளிடம் நகல் இல்லை. சிசுரு மட்டுமல்ல, பன்னிரண்டு பேரும் போய்விட்டார்கள்.

ஹமகுச்சி தரையில் மண்டியிட்டு நெற்றி பதித்துவிட்டான். "உங்களுக்காகத்தான்... விளக்கு எரிஞ்சுது, அதான்..." என்றான். மிசாவோ அவன் பக்கம் திரும்பினாள்.

"விளக்கு முன்னாடி எரிஞ்சா தோல்விதான்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்வாங்க."

"எரிஞ்சு, தோத்ததை யாராவது கண்ணால பாத்திருக்காங்களா?"

ஹமகுச்சி நெற்றியை உயர்த்தி யோசித்தான். "எப்படிப் பாக்கறது? அதுக்குள்ள இழுத்துடுவோமே."

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிசாவோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரோடு வந்த சிரிப்பு, ஆனாலும் சிரிப்புதான்.

"எந்திரிங்க ஹமகுச்சி சான், பேன்ட் அழுக்காகுது" என்றாள். மடியிலிருந்த கிராஃப் தாள்களைத் தட்டி அடுக்கினாள். ஆட்கள்தான் போனார்கள். வழி போகவில்லை. எட்டுத் தளங்களும் அப்படியே இருந்தன, தாளிலும் அவள் தலையிலும். மித்தானி வேறொரு டிஸ்கை எடுத்துக்கொடுத்தார். ஆறு பேருக்கும் மறுபடி பெயர் தட்டினாள். சிசுருவின் பெயரை முதலில் தட்டினாள்.

திங்களன்று தேநீர் நேரத்தில் ஷிபாதா மறுபடி தொடங்கினார். முப்பதைத் தாண்டிய பெண்ணுக்கு வேலையில் மனம் நிற்காது, அது இயற்கை, உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்றார். மிசாவோ அவர் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

"முப்பதுக்கு மேல இங்க வேலை பாத்த பொம்பளை யாரையாவது நீங்க பாத்திருக்கீங்களா, தலைவரே?"

ஷிபாதா கோப்பையைக் கையில் எடுத்தார். மிசாவோவே தொடர்ந்தாள்.

"பாத்திருக்க மாட்டீங்க. அதுக்குள்ளதான் அனுப்பிடறீங்களே. நான் இருக்கேன், பாருங்க."

அன்று யாரும் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள், சம்பள உயர்வைத் தள்ளினார்கள், மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டார்கள். எட்டாம் தளத்தைச் சுவர் சுவராகத் தட்டியவளுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. ஓய்வுபெறும் வயதுவரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அதற்குள் ஷிபாதாவின் பெயரே கம்பெனியில் பலருக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஆனால் நிப்போன்பாஷி படிக்கட்டின் அடியில் நிற்கும்போது அவள் நினைத்துக்கொள்வது வேறொரு ஞாயிறை. அடுத்த கோடையில் புதிய சிசுருவும் ஒருமுறை விழுந்து, கோயிலில் சாம்பலாகி, கடைசி மந்திரத்துக்கு வந்தாள். மிசாவோ விசையை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, டிரைவ் முனகியது. ஹமகுச்சி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் நெம்பைத் தொடவில்லை. எழுத்து வந்தது: சிசுரு எழுந்தாள்.

மிசாவோ மித்தானியிடம் கேட்டுக்கொண்டு, கடைத் தொலைபேசியில் தொத்தோரிக்குப் பேசினாள். நீ எழுந்துவிட்டாய் என்றாள்.

"இவ்வளவு நாளாடி?" என்றது மறுமுனை. "சரி சரி, மேல நின்னு பேசாத. கீழ போ."