தலை எண்ணி முடியாத கப்பல்

பூனாவில் கடல் இல்லை. அதனால்தானோ என்னவோ, எட்டு வயதில் எனக்குக் கப்பல் உடைந்த கதைகள் என்றால் உயிர். அந்தக் கதைகளைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. தூத்துக்குடியில் தொழில் பழகியவர். அப்போது குஜராத்துக்கும் மங்களூருக்கும் சரக்கு ஏற்றிப் போகும் மரத்தோணி ஒன்றில் இருந்தார். மழைக்காலத்தில் தோணி ஓடாது. அந்த நாட்களில் கன்டோன்மென்ட் பக்கமிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து, என் பள்ளிக்கூட அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கொங்கணக் கரையில் இந்தப் பாறையில் ஒரு நீராவிக் கப்பல் மோதியது, நீர் வற்றினால் அதன் கொதிகலன் இன்றும் தெரியும். இங்கே அரிசி ஏற்றிய தோணி போனது, கரையோர ஊர் ஒரு வாரம் உப்புச் சோறு தின்றது. அதில் உண்மை எவ்வளவு, மாமா போட்ட உப்பு எவ்வளவு என்று நான் கேட்டதில்லை.

கப்பல் போன இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவோம். அதன் கீழே கரையேறிய ஆட்களின் எண்ணிக்கை. இதில் மாமாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான், தலை எண்ணி முடியாமல் குறி போடக் கூடாது. “ஆள் கணக்கு தெரியாத கப்பல் இன்னும் முங்கலட்டி” என்பார்.

அந்த மே மாதம் எனக்குப் புதுநன்மை. கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள், ஞாயிற்றுக்கிழமை. வெள்ளை ஃபிராக் தைத்து வந்தாயிற்று. மழைக்கு முந்தைய கடைசிச் சரக்கு நடையில் இருப்பதால் வர முடியாது என்று மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தோணி முதலாளி போன் செய்தார். கொங்கணக் கரையில் மால்வண் பக்கம் சூறைக்காற்றில் தோணி உடைந்துவிட்டது. ஏழு பேரில் ஆறு பேரை மீன்படகுகள் ஏற்றிக் கரை சேர்த்துவிட்டன. அங்கிருந்து சொன்ன ஆறு பெயர்களையும் அவர் தன் தாளில் சரிபார்த்தாராம். மிச்சம் நின்றது மாமாவின் பெயர்.

அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் காகூ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராட்டி அத்தை ஒரு பாத்திரம் நிறைய போஹே, அவல் உப்புமா, கொண்டுவந்து வைத்துவிட்டு, மராட்டியில் ஏதோ சொல்லி அழுதாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அட்லஸை எடுத்து, மால்வணுக்கு நேராகச் சிவப்பில் குறி போட்டு, கீழே ஆறு என்று எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். ஆனாலும் இத்தனை கப்பல்களுக்குப் பிறகு நம் வீட்டுக் கப்பல் ஒன்று அட்லஸில் ஏறியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு ரிக்ஷா வந்து நின்றது. ஹாப்பூஸ் மாம்பழப் பெட்டியோடு மாமா இறங்கினார்.

“எக்கா, சொல்லாம வந்து நின்னா எப்படி இருக்கும்னு...”

முடிப்பதற்குள் அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அந்தக் கன்னத்தையே பிடித்துக்கொண்டு, “வந்துட்டியால, வந்துட்டியால” என்று கதறினாள். எங்கள் எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தது போல இருந்தது. அம்மா ஓடிப்போய் மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

மாமாவுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. என் புதுநன்மைக்கு வர வேண்டுமென்று வழியில் ரத்னகிரித் துறைமுகத்தில் இறங்கி, வேலையில்லாமல் அங்கே கிடந்த சூசை என்ற சிநேகிதரைத் தன் இடத்தில் ஏற்றிவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறார். முதலாளியின் தாளில் பெயரை மாற்ற நேரமிருக்கவில்லை. அப்பா விஷயத்தைச் சொன்னதும் மாம்பழப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஆறு பேரா? அப்ப சூசை?”

அம்மா மறுபடி போய் இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

அவரைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அட்லஸ்தான். கொண்டுபோய் நீட்டினேன். என் குறியைப் பார்த்தார். ரப்பரை வாங்கிக் குறியையும் ஆறையும் தாள் கிழியும் அளவுக்கு அழித்தார்.

“இன்னும் எண்ணி முடியலட்டி.”

சாப்பிடவில்லை. போன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. தப்பித்து வந்த மனிதருக்கு என்ன கோபம் வேண்டியிருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் பங்கு மாம்பழத்தையும் நானே தின்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி சூசை ஒரு பகலும் ஓர் இரவும் மிதந்து, இரண்டு ஊர் தள்ளிக் கரையேறியிருக்கிறார். அவரே பேசினார். இந்தப் பக்கம் மாமா, “ஏல சூசை, ஏல, டீ குடிச்சியால?” என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். அப்பா சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். வீடு மறுபடி வீடாயிற்று.

நான் சிவப்புப் பென்சிலோடு காத்திருந்தேன். மாமா வாங்கி, மால்வணுக்கு நேரே குறி போட்டு, கீழே ஏழு என்று எழுதினார். ஒரு கோடு கடலை விட்டுத் தரைக்குள் சாவந்த்வாடி வரைக்கும் போய்விட்டது.

“கோணலா போட்டுட்டீங்க மாமா. அழிச்சிட்டு நேரா போடுங்க” என்று சண்டை பிடித்தேன்.

பூனாவிலேயே வாகடில் இப்போதுள்ள என் வீட்டு அலமாரியில் இருக்கும் அந்த அட்லஸில் இன்றும் அது கோணலாகத்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நான் நற்கருணை வாங்கித் திரும்பியபோது, முதல் வரிசையில் மாமா என்னைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதார். சூசை அந்தத் தோணியில் ஏறியதே எனக்காகத்தான் என்பது அன்று எனக்கு உறைக்கவே இல்லை. ஃபிராக் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.