அடி என் தலையில், பதில் பெஞ்சிலிருந்து

காலையில் ராஜபாளையம் பஸ்ஸில் டிரைவர் போட்ட பிரேக்கில் என் தலை கம்பியில் மோதியது. கொஞ்ச நேரம் எங்கே போகிறோம் என்பதே மறந்துவிட்டது.

"ஏட்டி, இன்சூரன்ஸ் எதுவும் போட்டுருக்கியா?" என்றாள் கூட வந்த அக்கா.

"இல்ல. அதுக்காக மண்டைய அப்படியே விட முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம்."

அங்கே டாக்டரம்மா கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். "மூணு வார்த்தை சொல்றேன். மாங்கா, சாவி, யானை. செத்த நேரம் கழிச்சுக் கேப்பேன், சொல்லணும்" என்று வெளியே உட்காரச் சொன்னார்.

பெஞ்சில் உட்கார்ந்து, மறக்காமலிருக்க அந்த வார்த்தைகளையே முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த செட்டியார்பட்டிப் பெரியம்மா என்னவென்று கேட்டார். இன்சூரன்ஸ் இல்லாதது வரை எல்லாம் சொன்னேன். அதுதான் தப்பு.

டாக்டர் வந்து, "என்ன வார்த்தை?" என்றதும் மொத்த பெஞ்சும் ஒரே குரலில் சொன்னது: "மாங்கா, சாவி, யானை."

"பாவம், இன்சூரன்ஸ் கூட இல்லாத புள்ள. பாஸ் போட்டு விடுங்கம்மா" என்றார் பெரியம்மா.

டாக்டர் சிரித்துவிட்டு, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தி வேறு மூன்று வார்த்தைகள் கொடுத்தார். மூன்றையும் சரியாகவே சொன்னேன்.

"மூளைக்கு லேசான அதிர்ச்சிதான். ரெஸ்ட் எடுங்க. வாந்தி வந்தாலோ தலைவலி கூடுனாலோ உடனே வந்துரணும். போன் பாக்கக் கூடாது."

அதனால் நான் சொல்லச் சொல்ல இதை அக்காதான் டைப் செய்கிறாள்.

திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்; அப்போதும் வார்த்தைகளைக் கேட்பாராம். இரண்டாவதாகக் கொடுத்த அந்த மூன்று வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன். நீங்களும் அந்தப் பெஞ்சுக்காரர்கள்தானே.